மானுக்குப் பின்னால் ஒரு வீடு

இந்தக் கதை எனக்கு நேரில் தெரிந்ததில்லை. கதை நடந்த அலுவலகத்தில் வேலை பார்த்த ஓர் அக்கா தன் தங்கைக்குச் சொன்னது. தங்கை என்னோடு போட்டித் தேர்வுக்குப் படித்தவள், எனக்குச் சொன்னாள். அக்கா, தங்கை இருவருக்குமே எதையும் கொஞ்சம் கூட்டிச் சொல்லும் பழக்கம் உண்டு. நான் எதையும் கூட்டவில்லை. யாரும் நம்பமாட்டார்கள் என்று தோன்றிய இடங்களில் குறைத்திருக்கிறேன்.

ஒரு நகரத்தில், கட்டடங்கள் மனிதர்களின் மனநிலையைப் பாதிக்கின்றன என்ற உண்மை மேலிடத்துக்குத் தெரியவந்தது. அதுவரை அது அந்தக் கட்டடங்களில் குடியிருந்தவர்களுக்கு மட்டுமே தெரிந்திருந்தது. மேலிடம் சும்மா இருக்குமா? உடனே ஓர் இயக்ககம் பிறந்தது. நகரக் கட்டடச் சூழல்சார் மக்கள் மனநல மேம்பாட்டு இயக்ககம் என்று அதற்குப் பெயர். பலகை வாசலைவிட நீளமாகிவிட்டதால் ‘மேம்பாட்டு இயக்ககம்’ மட்டும் பக்கச் சுவரில் திரும்பிப் போய் முடிந்தது.

இயக்ககத்துக்கென்று ஒரு கண்ணாடிக் கட்டடம் கட்டினார்கள். ஜன்னல்கள் உண்டு, திறக்காது. ‘இது சுவாசிக்கும் கட்டடம்’ என்றது விளக்கக் கையேடு. கட்டடமே சுவாசித்துவிடுவதால் உள்ளே இருப்பவர்கள் தனியாகச் சிரமப்பட வேண்டியதில்லை. இயற்கையோடு உறவு வேண்டுமென்று ஒரு சுவர் முழுக்க பிளாஸ்டிக் கொடி படர்ந்திருந்தது. அதற்குத் தூசு தட்ட ஓர் ஆள். ஒலிபெருக்கியில் குருவி கத்தும். ஒரே குருவி, ஒரே கத்தல். காத்திருக்கும் பொதுமக்களுக்கு நாற்காலி கிடையாது. நிற்பது முதுகுக்கு நல்லது என்று ஓர் ஆய்வு சொல்லியிருந்தது. அந்த ஆய்வை அதிகாரிகள் உட்கார்ந்து படித்திருந்தார்கள்.

எல்லாவற்றிலும் விசேஷம் விளக்குகள்தான். ஆள் அசைந்தால் எரியும், அசையாவிட்டால் அணையும் வகை. கோப்பு பார்ப்பவர்கள் எங்கே அசைவது? கொஞ்ச நேரத்துக்கொருமுறை கூடமே இருண்டுவிடும். உடனே எல்லோரும் கையைத் தலைக்கு மேலே தூக்கி இப்படியும் அப்படியும் ஆட்டுவார்கள். வெளிச்சம் வரும். மறுபடி கோப்பு. முதலில் முணுமுணுத்தார்கள். பிறகு ‘மேற்படி கையசைப்பு உடற்பயிற்சியாகக் கருதப்படும்’ என்று சுற்றறிக்கை வந்தது, முணுமுணுப்பு நின்றது. இயக்குநர் மட்டும் கை தூக்குவதில்லை. பதவிக்கு அழகில்லை என்று அவருக்காகக் கை ஆட்ட ஒரு பணியாளரை நியமித்திருந்தார்கள். அந்தப் பணியாளர் விடுப்பில் போனால் இயக்குநர் இருட்டில் உட்கார்ந்திருப்பார்.

இந்தக் கட்டடத்துக்கு நேர் எதிரே, சாலைக்கு அந்தப் பக்கம், பழைய அடுக்குமாடி ஒன்று நின்றது. காரை பெயர்ந்த சுவர், ஒவ்வொரு ஜன்னலிலும் காயும் துணி. அதன் மூன்றாவது மாடியில், ஜன்னலை ஒட்டித் தையல் மிஷின் போட்டு, ஓர் அம்மா பள்ளிச் சீருடை தைத்துக்கொண்டிருந்தாள். கணவர் போன பிறகு அந்த மிஷின் ஓடித்தான் வீடு ஓடியது. மகள் பட்டப்படிப்பு வரை போனாள். அந்த அடுக்குமாடியிலேயே பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள்தான் என்பதால் எல்லோரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை விட்டுவிட்டார்கள். ‘படிச்சவ’ என்றுதான் கூப்பிடுவார்கள். குழாயில் தண்ணீர் வரவில்லை என்றாலும் “படிச்சவளக் கேளு” என்பார்கள். அவளுக்கும் தெரியாது. ஆனாலும் யோசித்துச் சொல்கிறேன் என்பாள்.

படிச்சவளுக்கு எதிர்க் கண்ணாடிக் கட்டடத்தில் நேர்காணல் வந்தது. இயக்குநர் அவளை ஜன்னலோரம் அழைத்துப்போய்க் கேட்டார்: “அதோ, எதிர்ல ஒரு கட்டடம். உங்களுக்கு என்ன தெரியுது?”

அவளுக்குத் தெரிந்தது, கொடியில் காய்ந்த அவளுடைய பாவாடை. பக்கத்தில் அம்மா, வாயில் குண்டூசியோடு.

“காட்சி ஒழுங்கு இல்லாத குடியிருப்பு சார். பார்க்கிறவங்களுக்கு மன அழுத்தம் தரக்கூடியது” என்றாள்.

“அபாரம்!” என்றார் இயக்குநர். வேலை கிடைத்துவிட்டது.

இதற்குப் பிறகு பணியில் சேரும் படிவத்தில் எந்த முகவரியை எழுதுவாள்? மாமா வீட்டு முகவரியை எழுதினாள். தகுதிகாண் பருவத்தில் இருப்பவள். வேலை நிரந்தரமாகும்வரை வாயைத் திறக்கக்கூடாது என்று முடிவு செய்தாள். தினமும் காலையில் வீட்டிலிருந்து இறங்கி, பின் சந்து வழியாகப் பேருந்து நிறுத்தம்வரை நடந்து, அங்கிருந்து பேருந்தில் வந்து இறங்கியவள் முகத்தை வைத்துக்கொண்டு அலுவலகத்துக்கு வருவாள். சாலையைக் குறுக்கே கடந்தால் முடிகிற விஷயம். சில நாள் “இன்னிக்கு பஸ்ல என்ன கூட்டம்!” என்று பெருமூச்சும் விடுவாள்.

மூன்றாவது மாடியில், கண்ணாடியை ஒட்டி அவளுக்கு மேசை. அம்மா அங்கிருந்து கை காட்டுவாள். இவள் அக்கம்பக்கம் பார்ப்பாள். விளக்கு அணையும். கூடமே கை தூக்கும். அந்தக் கூட்டத்தோடு கூட்டமாக இவளும் அம்மாவுக்குக் கை காட்டிவிடுவாள். அரசுச் செலவில் இப்படி ஒரு வசதி.

சாயங்காலம் அம்மா சொன்னாள்: “உங்க ஆபீஸ்ல இருக்கிறவங்க தங்கமானவங்கடி. மொத்தப் பேரும் எழுந்து எனக்குக் கை காட்டுறாங்க!”

“அம்மா, அது உனக்கு இல்ல. லைட்டுக்கு.”

“லைட்டுக்கு எதுக்குடி கை காட்டணும்? அது என்ன சம்பந்தியா?”

“கை ஆட்டினாத்தான் அது எரியும்மா.”

“போடி. பட்டனத் தட்டினா எரியப்போகுது. இத்தனை படிச்சவங்களுக்கு அதுகூடவா தெரியாது?”

“யோசிச்சுச் சொல்றேன்” என்றாள் படிச்சவள்.

அம்மா விஷயத்தைப் படிக்கட்டில் சொன்னாள். அடுக்குமாடி முழுக்கப் பரவியது. அரசாங்கம் நம்மைப் பார்த்துக் கை காட்டுகிறது! இத்தனை வருஷத்தில் நடக்காதது. எல்லா ஜன்னலிலிருந்தும் பதிலுக்குக் கை காட்ட ஆரம்பித்தார்கள். வேலைநேரம் மாறிப் போனதிலிருந்து யாரோடும் பேசாமல் கிடந்த கீழ்வீட்டு நர்ஸ், குழந்தையைத் தூக்கி வந்து அதன் கையைப் பிடித்து ஆட்டினாள். மேல்வீட்டில் தனியாக இருந்த ஓய்வுபெற்ற ஓட்டுநர் தினமும் முகச்சவரம் செய்ய ஆரம்பித்தார். “கவர்மென்ட்டு கை காட்டும்போது தாடியும் மீசையுமா நிக்கலாமா?” என்றார். அந்த அடுக்குமாடி வரலாற்றிலேயே மனநலம் மேம்பட்டது அப்போதுதான். அதற்கென்றே ஓர் இயக்ககம் எதிரே இருந்தும், அதன் கண்ணில் இது படவில்லை.

கண்ணில் பட்டது வேறு விதமாக. ஒரு நாள் இயக்குநர் ஜன்னல் பக்கம் வந்தார். எதிரே ஜன்னலுக்கு ஜன்னல் கைகள். அவர் பின்வாங்கினார். உடனே கூட்டம் கூட்டப்பட்டது.

“எதிர்க் கட்டடத்துல நம்மளப் பார்த்து கை நீட்டுறாங்க. ஏன்?”

“ஏதாவது கோரிக்கையா இருக்கும் சார்” என்றார் ஒருவர்.

“கோரிக்கைன்னா மனு கொடுக்கணும். கை எப்படிக் கொடுக்க முடியும்?”

“போராட்டமோ?”

“சிரிச்சுக்கிட்டே செய்றாங்களே.”

“அப்ப இன்னும் ஆபத்து.”

ஆலோசகர் தொண்டையைக் கனைத்தார். வெளிநாட்டில் படித்தவர், கூட்டத்துக்குக் கூட்டம் புதிதாக ஒரு சொல் கொண்டுவருவார். முன்பு ஒரு கூட்டத்தில் ‘சுவாசிக்கும் கட்டடம்’. இந்தக் கூட்டத்தில் ‘பசுமைப் பார்வை’.

“மரத்தைப் பார்க்கிற நோயாளி சீக்கிரம் குணமாகிறான். சுவரைப் பார்க்கிறவன் சோர்ந்துபோறான். நம்ம ஊழியர்கள் தினமும் எதைப் பார்க்கிறாங்க? அந்த அடுக்குமாடியை. நம்ம தேர்வுக் குழுவிலேயே பதிவாகியிருக்கு: ‘பார்க்கிறவங்களுக்கு மன அழுத்தம் தரக்கூடியது.’ யார் சொன்னதுன்னு தெரியல, அருமையான வாசகம்.”

படிச்சவள் மேசைக்கடியில் பேனாவைத் தேடினாள். பேனா கையில்தான் இருந்தது.

“அப்ப எதிர்ல மரம் நட்டுடலாமா?” என்று இயக்குநர் கேட்டார்.

“மரம் வளர வருஷக்கணக்கா ஆகும் சார். படம் உடனே வளர்ந்துடும். அந்தக் கட்டடத்தோட முகப்பு முழுக்க ஒரு காடு அச்சடிச்ச துணியைப் போர்த்திடலாம். அவங்களுக்கும் நல்லதுதான். காட்டுக்குள்ள வாழற மாதிரி.”

எந்தக் காடு என்பதில்தான் கருத்து வேறுபாடு. இயக்குநருக்கு அருவி வேண்டும். அருவி இருந்தால் ஊழியர்கள் அடிக்கடி கழிப்பறைக்குப் போவார்கள் என்று நிர்வாகப் பிரிவு ஆட்சேபித்தது. புலி கூடாது, பொதுமக்கள் அஞ்சுவர். கடைசியில் ஒரு மான் ஒருமனதாகத் தேர்வு செய்யப்பட்டது. மான் எந்தப் பிரிவின் பொறுப்பில் வரும் என்பதை மட்டும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள்.

குடியிருப்போர் கருத்தைக் கேட்க வேண்டும் என்பது விதி. ஆலோசகரோடு போக இளைய தலைமுறையிலிருந்து ஒருவர். இயக்குநரின் விரல் படிச்சவளை நோக்கி நீண்டது.

அவள் தன் வீட்டுக்கு, வேலையில் சேர்ந்த பிறகு முதல் தடவையாகச் சாலையை நேராகக் கடந்து போனாள். கழுத்தில் அடையாள அட்டை. ஆலோசகர்தான் கதவைத் தட்டினார்.

அம்மா திறந்தாள். மகளைப் பார்த்து முகம் மலர்ந்தது. மகளின் தலை ஒரு நூலளவு இப்படியும் அப்படியும் அசைந்தது. கூட ஒரு கோட்டுக்காரர். அம்மாவுக்குப் பாதி புரிந்தது.

“வாங்க சார்” என்றாள். பிறகு மகளைப் பார்த்து, “வாங்க மேடம். உட்காருங்க. ஸ்டூல் ஆடும், பார்த்து.”

ஆடும் என்று படிச்சவளுக்குத் தெரியும். அந்த ஸ்டூலில் உட்கார்ந்துதான் அவள் பரீட்சைகளுக்குப் படித்தாள். பார்த்தே உட்கார்ந்தாள்.

“இந்த ஜன்னல் வழியா உங்களுக்கு என்ன தெரியுது அம்மா?” என்று ஆலோசகர் கேட்டார்.

“வெளிச்சம் வருது சார். ஊசிக் கண்ணு தெரியுது. அப்புறம்…” அம்மா நிறுத்தினாள். “என் பொண்ணு தெரிவா.”

“உங்க பொண்ணா? எங்க இருக்காங்க?”

அம்மா மகளைப் பார்த்தாள். மகள் ஜன்னல் கம்பியைப் பார்த்தாள்.

“எங்கேயோ பெரிய வேலையில இருக்கா சார். கை காட்டுவா.”

ஆலோசகர் பரிவோடு தலையாட்டினார். படியிறங்கும்போது படிச்சவளிடம் தாழ்ந்த குரலில், “பாவம். இல்லாத மகளை ஜன்னல்ல பார்க்கிறாங்க. இந்த மாதிரிக் கட்டடம் மனுஷங்களை எப்படி ஆக்கிடுது பாருங்க. எழுதிக்குங்க: தனிமையின் விளைவு, கற்பனை மகள்” என்றார்.

அவள் எழுதிக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் அம்மா திட்டவில்லை. அழவும் இல்லை. தட்டை வைத்துவிட்டு, “சாப்பிடுறீங்களா மேடம்?” என்றாள்.

“அம்மா…”

“தண்ணி வேணும்னா பானையில இருக்கு மேடம். எங்க வீட்டுல நாங்களேதான் மொண்டுக்கணும்.”

மேடம் சாப்பிடாமல் எழுந்தாள். அறிக்கையில் எதிர்ப்பைத் தெரிவித்தே தீருவது என்று உட்கார்ந்தாள். நேர்மையானவள்தான். ஆனால் வேலை நிரந்தரமாக வேண்டியவள். எழுதினாள், அடித்தாள், மெருகேற்றினாள். கடைசியில் அந்த எதிர்ப்பு இப்படி நின்றது: ‘மேற்படி குடியிருப்பில் வசிப்போர் சிலர் வெளிச்சத்தைப் பயன்படுத்தி வருவதாக அறியப்படுகிறது. இது தக்க பரிசீலனைக்கு உரியது.’

இயக்குநர் தக்கவாறு பரிசீலித்தார்.

“வெளிச்சத்தைப் பயன்படுத்துறாங்களா? யார் அனுமதியில?”

ஆலோசகர் ஜன்னலருகே போய் ஆராய்ந்தார். “சார், மத்தியானத்துக்கு மேல அந்தப் பக்கம் நேர் வெயில் கிடையாது. நம்ம கண்ணாடியில பட்டுத் திரும்புறதுதான் அங்க போய் விழுது.”

“அப்ப அது நம்ம வெளிச்சம்.”

“இயக்ககத்தோட உடைமைன்னே சொல்லலாம் சார்.”

“இத்தனை நாளா இலவசமா!” என்றார் இயக்குநர். தன் அறிக்கைக்கு இப்படி ஒரு பலம் உண்டென்று படிச்சவளுக்கு அதுவரை தெரியாது.

துணி ஏறியது. மேல்மாடியிலிருந்து தரைவரை ஒரே காடு. மான் மூன்றாவது மாடியில் நின்றது. அதன் வயிறு சரியாக அம்மாவின் ஜன்னலில். உள்ளே பகலெல்லாம் பாசி படிந்த குளத்துக்குள் இருப்பதுபோல ஒரு பச்சை. அம்மா விளக்குப் போட்டுத் தைத்தாள். கண்ணில் நீர் வடிந்தது. வெள்ளைச் சட்டைக்கு வெளிர்நீல நூலைக் கோத்துவிட்டு, பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பி வந்த கட்டைப் பிரித்து மறுபடி தைத்தாள். இன்னொரு தடவை வந்தால் வேறு ஆள் பார்த்துக்கொள்வோம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். மேல்வீட்டு ஓட்டுநருக்குத் தாடி வளர்ந்தது.

கண்ணாடிக் கட்டடத்தில் எல்லோருக்கும் மனநலம் பெருகியது. அதை அளக்க எல்லோருக்கும் படிவம் கொடுத்து, பெருகியதா என்று கேட்டார்கள். பெருகியது என்று எல்லோரும் எழுதினார்கள். எதிர்க் கட்டடத்திலிருந்தும் இப்போது கை நீட்டுவார் யாருமில்லை. அவர்களும் திருப்தியாக இருக்கிறார்கள் என்று முடிவு செய்யப்பட்டது. படிச்சவளின் வேலை நிரந்தரமான ஆணையும் அந்த வாரமே வந்தது. மேசைமேல் அதை விரித்து வைத்தபோது விளக்கு அணைந்தது. எல்லோரும் கை தூக்கினார்கள். அவளும் தூக்கினாள். எதிரே மான் புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தது. முதல் தடவையாக அவள் விளக்குக்கு மட்டும் கை காட்டினாள்.

பிறகு ஒரு விருதுக் குழு வந்தது. காட்டைப் பார்த்துச் சொக்கிப்போய், “துணிக்குப் பின்னால் இருப்பவர்கள் என்ன நினைக்கிறார்கள்?” என்று பேச்சுக்குக் கேட்டது. ஆலோசகர் வாயைத் திறப்பதற்குள் படிச்சவள் எழுந்து நின்றாள்.

“சார், நான் அங்கதான் இருக்கேன். மாமா வீட்டுல இல்ல. மானுக்குப் பின்னால. கற்பனை மகள்னு எழுதினோமே, அது நான்தான். எங்கம்மாவுக்கு ஊசிக் கண்ணு தெரியல. அந்தத் துணியை எடுத்துடுங்க.”

கூடத்தில் யாரும் அசையவில்லை, அதனால் விளக்கு அணைந்தது. இருட்டில் அவள் எல்லாவற்றுக்கும் தயாராக நின்றாள். வேலை போகும். பொய் முகவரிக்கு விசாரணை வரும். கைகள் தூக்கப்பட்டன. வெளிச்சம் வந்தபோது இயக்குநர் கைதட்டிக்கொண்டிருந்தார்.

“பார்த்தீங்களா! எங்க ஊழியரே இயற்கைக்கு நடுவுல வாழுறாங்க! இதை எங்ககிட்டயே சொல்லாம அடக்கமா இருந்திருக்காங்க!”

விருதுக் குழுவும் கைதட்டியது. மானை நோக்கி அவளை நிறுத்திப் படம் எடுத்தார்கள். கொஞ்சம் சிரிக்கச் சொன்னார்கள். இவ்வளவு நாள் இவள் வயிற்றில் நெருப்பாகக் கட்டி வைத்திருந்த உண்மை, வெளியே வந்து ஒரு பயலையும் சுடவில்லை. முகவரியை மாற்றக்கூடச் சொல்லவில்லை.

அன்று அவள் பின் சந்துக்குப் போகாமல், வெயில் இறங்குவதற்குள் சாலையை நேரே கடந்து வீட்டுக்கு வந்தாள். நடந்ததைச் சொன்னாள். அம்மா மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

“அத்தனை பேர் முன்னாலயும் சொன்னியா?”

“சொன்னேன்.”

“அம்மான்னு சொன்னியா?”

“எங்கம்மான்னு சொன்னேன்.”

அம்மா கத்தரிக்கோலை எடுத்தாள். ஜன்னல் வழியே கையை நீட்டித் துணியை இழுத்துப் பார்த்தாள். “நல்ல கெட்டித் துணிதான். இப்படி ஓரத்தைப் பிடிங்க மேடம்.”

“அம்மா, போதும்மா.”

“எது போதும்?”

“மேடம்.”

“சரி, இறுக்கிப் பிடிடி. கோணலா வந்தா எனக்குத்தான் கெட்ட பேரு.”

இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, மானின் வயிற்றில் ஜன்னல் அளவுக்கு ஒரு சதுரம் வெட்டினார்கள். வெட்டிய ஓரம் பிசிறடிக்கக் கூடாது என்று அம்மா அதைச் சுற்றிலும் மடித்துத் தைத்தாள். வெட்டின துண்டில் மிஷினுக்கு ஓர் உறை வந்தது.

மறுநாள் அலுவலகத்தில் விளக்கு அணைந்தது. எல்லோரும் கை தூக்கினார்கள். மானின் வயிற்றுக்குள்ளிருந்து ஒரு கை வெளியே வந்து ஆடியது.

நிர்வாகப் பிரிவு கோப்பு திறந்தது. மான் யார் பொறுப்பு என்று முடிவாகாததால் கோப்பு மூடப்பட்டது. அதற்குள் மற்ற வீட்டுக்காரர்களும் கத்தரிக்கோலுக்கு அம்மாவிடம் வரிசை கட்டிவிட்டார்கள். புதருக்குள்ளிருந்து ஒரு குழந்தைக் கை, மரக்கிளையிலிருந்து சவரம் செய்த ஒரு முகம். இயக்குநர் ஆலோசகரைப் பார்த்தார். ஆலோசகர் காட்டைப் பார்த்தார்.

“இதுக்குப் பேர் ‘உயிருள்ள முகப்பு’ சார்” என்றார். “மேல்நாட்டுல இப்ப இதுதான்.”

இப்போது அந்த நகரத்தில் பல கட்டடங்களுக்கு இந்தத் துணி ஏறியிருக்கிறது. ஜன்னலுக்கு நேராக ஓட்டை போட்டே தயாராக வருகிறதாம். ஓட்டைக்குத் தனி விலை.

கேட்டது இவ்வளவுதான். எதையும் அப்படியே நம்பிவிடக் கூடாது என்பதால், அந்த இயக்ககத்தில் எனக்கு நேர்காணல் வந்தபோது நான் ஒரு விஷயத்தைச் சரிபார்த்தேன். காத்திருப்பு அறையில் நான் மட்டும்தான். நாற்காலி இல்லை, அதுவரை கதை உண்மை. சுவரோரம் நின்றிருந்தபோது விளக்கு அணைந்தது. வேலை கேட்டு வந்த இடத்தில் எடுத்தவுடன் கை ஆட்டினால் என்ன நினைப்பார்களோ என்ற பயத்தில் ஆடாமல் அசையாமல் நின்றேன். சற்று நேரத்தில் விளக்கு தானாகவே எரிந்தது. தற்செயலாக இருக்கலாம் என்று, அடுத்த முறையும் அதற்கடுத்த முறையும் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு நின்று பார்த்தேன். ஒவ்வொரு முறையும் தானாகத்தான் எரிந்தது. யாரும் கை தூக்கத் தேவையே இல்லை.

இதை நான் அங்கே ஒருவரிடமும் சொல்லவில்லை. நேர்காணலின் முடிவு இன்னும் வரவில்லை. அன்று அந்த அறையில் மறுபடி விளக்கு அணைந்தபோது, கண்ணாடிப் பக்கம் போய் நானும் நன்றாகக் கையைத் தூக்கி ஆட்டினேன். எதிரே மானின் வயிற்றிலிருந்து ஒரு கை பதிலுக்கு ஆடியது.